பண்டிகை வரைக்கும் ஒரு ட்ரம் செட்

2012 ஆகஸ்ட் 6, திங்கள்

காலை ஜெபம். இட்லி, தேங்காய்ச் சட்னி. வீட்டுக்காரர் மில்லுக்கும் மகள் ஷைனி பள்ளிக்கும் போனபிறகு இரண்டு பிளவுஸ் வெட்டினேன். ஒன்பது மணிக்குப் போன கரண்ட் பன்னிரண்டுக்குத்தான் வந்தது. பால்காரர் இன்றும் மணி அடிக்காமலே போய்விட்டார். கேட்டால் மூன்று தடவை அடித்ததாகச் சாதிக்கிறார்.

சாயங்காலம் ஷைனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கித் தந்தாள். பதினோராம் வகுப்புக்கு வந்தபிறகு அவள் காய் நறுக்கினால் எதையோ வாங்கித் தர வேண்டும் என்று அர்த்தம். என் தம்பி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டி ஒன்று டி.வி.க்கு அடியில் கிடக்கிறது. அதில் மாட்டி அடிக்கிற ட்ரம் செட் ஒன்று மகாராஜ நகரில் ஒரு வீட்டில் விலைக்கு இருக்கிறதாம்.

"நாலாயிரந்தாம்மா. கடையில புதுசு பன்னெண்டாயிரம்."

"அடிச்சா சத்தம் வருமா?"

"அதுல வராதும்மா. டி.வி.ல வரும். கலர் கலரா வில்லை இறங்கி வரும். அது கோட்டத் தொடும்போது அந்தக் கலர் தட்டுல கரெக்டா அடிக்கணும். முடிஞ்ச பெறகு நூத்துக்கு எத்தனைன்னு மார்க் போடும்."

"அப்ப அது ட்ரம்மே இல்லியேட்டி. பிளாஸ்டிக் தட்டுல்லா?"

ஷைனி அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "கணக்கு நோட்டு உங்கம்மாகிட்ட இருக்கு. தீர்ப்பையும் அவளே எழுதட்டும்" என்றார்கள். இந்த மனிதருக்கு எப்போதும் தப்பித்துக்கொள்ளத் தெரியும்.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

சர்ச்சில் பெண்கள் பண்டிகைக்குப் பாட்டுப் பயிற்சி ஆரம்பம். செப்டம்பர் 9 ஞாயிறு ஆராதனையில் நாங்கள் பன்னிரண்டு பேர் பாடுகிறோம். வழக்கம்போல டாம்பரின் நான். கையகல வளையம், விளிம்பில் சின்னத் தகடுகள். பத்தொன்பது வருஷம் முன்னால் யாரும் சொல்லித்தராமல், பார்த்துப் பார்த்து நானாகப் படித்தது. ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். பாட்டிலே சேர்த்துக்கொள்ளக் குரலும் இல்லை. இந்த வளையம்தான் அந்த வரிசையில் எனக்கு ஒரு இடம் வாங்கித் தந்தது.

பயிற்சி முடிந்து ஹெப்சிபா டீச்சர் என்னைத் தனியாக அழைத்தார்கள். பாட்டுக்குழுவை நடத்துவது அவர்கள்தான்.

"கிருபா, நீ பாட்டுக்குப் பின்னால பின்னால வாரே. போன வருசமே சொல்லணும்னு நெனச்சேன்."

"இன்னைக்குக் கை வலி டீச்சர். தையல் மெஷின்..."

"பண்டிகைக்கு ஒரு மாசம் கெடக்கு. சரி பண்ணிக்கோ. இல்லேன்னா இந்தத் தடவ வேற யார்ட்டயாவது குடுப்போம். மனசுல வச்சிக்கிடாத."

டீச்சருக்கு அறுபத்தெட்டு வயது. பாட்டை இழுப்பது அவர்களாகக்கூட இருக்கலாம். இப்படி எழுதியதற்குக் கர்த்தர் மன்னிக்கட்டும். ஆனாலும் மனிதர் போடுகிற மார்க்கில் பிரியமும் இருக்கும், எரிச்சலும் இருக்கும்.

நூற்றுக்கு எத்தனை என்று ஒரு பெட்டி சொல்லுமானால் அதற்கு இரண்டும் இருக்காது.

ஆகஸ்ட் 8, புதன்

ஷைனியோடு மகாராஜ நகர் போனேன். குளோரி அம்மாள் என்று ஒருவர். மகன் கனடா போய்விட்டாராம், அவர் அறையைக் காலி செய்கிறார்கள். ஸ்டாண்டில் நாலு வட்டத் தட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. காலால் மிதிக்க ஒரு பெடல், இரண்டு குச்சி, ஒரு டிஸ்க்.

நாலாயிரத்தை அப்படியே கொடுக்க எனக்குக் கை வரவில்லை. "ஒரு மாசம் வச்சிப் பாக்கோம். பண்டிகை முடிஞ்ச மறுநாள் வந்து முழுப்பணமும் தாரேன், இல்லேன்னா சாமானத் திருப்பித் தாரேன்" என்று ஐந்நூறு முன்பணம் வைத்தேன். வேண்டாமென்றால் அந்த ஐந்நூறு அவர்களுக்கு.

குளோரி அம்மாள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆட்டோவில் ஷைனியிடம், "என்னட்டி சொன்னாங்க?" என்றேன்.

"பக்கத்துலதானம்மா நின்னீங்க?"

அந்தத் தெருவில் ஒரே லாரிச் சத்தம்.

ஆகஸ்ட் 11, சனி

ஷைனி ட்ரம் அடித்தது புதன் இரண்டு மணி நேரம், வியாழன் இரண்டு, வெள்ளி கரண்ட் இல்லாததால் முக்கால். இன்று அவள் சிநேகிதிகள் மூன்று பேர் வந்து வீட்டையே கலக்கிவிட்டார்கள். சுண்டல் அரைக்கிலோ தீர்ந்தது. இப்படியே போனால் வாங்கலாம் என்று தோன்றுகிறது.

குக்கர் விசில் மெலிந்துவிட்டது. புது வெயிட் மாற்றினேன். அதிலும் அப்படித்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் சாமானே சரியில்லை.

ஆகஸ்ட் 13, திங்கள்

எல்லாரும் போனபிறகு, தட்டுகள் நாலும் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன். வாங்குகிற பொருளைச் சோதிப்பது கடமை.

பாட்டெல்லாம் இங்கிலீஷ். என்னத்தைப் பாடுகிறான் என்று கர்த்தருக்கே வெளிச்சம். அதனால் வாயே திறக்காமல் வாத்தியம் மட்டும் வாசிக்கிற ஒரு பாட்டைத் தேடி எடுத்தேன். நூற்றுக்கு 31. திரையில் கூட்டம் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி விரட்டியது. வெட்கமாகப் போய்விட்டது, கதவு சாத்தியிருந்தும்.

சோதனை இருபது நிமிடம்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

சோதனை நாற்பது நிமிடம். 52.

பயிற்சியில் டீச்சர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

ஷைனி மூன்று நாளாக ட்ரம் பக்கம் போகவில்லை. மாதப் பரீட்சையாம். பரீட்சை என்றால் செல்போன் மட்டும் எப்படிக் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டேன்.

"அது போரடிச்சிட்டும்மா. ஒரே பாட்டுதான திரும்பத் திரும்ப வருது."

ஒன்பது நாள்! நாலாயிரத்தை ஒன்பதால் வகுத்துப் பார்த்து அவள் முன்னால் வைத்தேன். "நீங்க கணக்கு டீச்சரா போயிருக்கலாம்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறாள். பிள்ளைகளுக்காக வாங்குவதென்றால் வேண்டாம் என்பதே இன்றைய தீர்ப்பு.

சோதனை ஐம்பது நிமிடம். 64. முன்பணம் ஐந்நூறு வீணாகக் கூடாதல்லவா.

ஆகஸ்ட் 18, சனி

வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன். டி.வி.யை நகர்த்திப் பின்பக்கத் தூசியெல்லாம் துடைத்து, பிடுங்கின ஒயரை நானே திரும்பச் சொருகினேன். எதற்கும் ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 20, திங்கள்

79! சத்தத்தை எப்போதும்போலக் குறைத்துத்தான் வைத்திருந்தேன், பக்கத்து வீட்டு எலிசாக்காவுக்குத் தொந்தரவு வேண்டாமென்று. கூட்டம் இரண்டு கையையும் தூக்கி ஆடியது. நான் பெடலை மிதித்த மிதியில் சுவர்ப் பல்லி ஓடிவிட்டது.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

காலையில் 86. அந்தத் தைரியத்தோடு பயிற்சிக்குப் போனேன்.

இரண்டாம் சரணத்தில் எல்லாரும் நிறுத்தியபிறகும் நான் இரண்டு அடி கூட அடித்துவிட்டேன். முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் பாட்டைத் தினம் ஒரு வேகத்தில் எடுக்கிறார்கள். பெட்டிக்கு அந்தக் கோளாறு கிடையாது.

ஆகஸ்ட் 23, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளியில் பரீட்சை முடிந்து ஷைனி மத்தியானமே வந்துவிட்டாள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். முதுகு கதவுப்பக்கம். பாட்டு முடிந்து 91 வந்தது. "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று திரும்பினால், பையைக்கூட இறக்காமல் நிற்கிறாள். கேலி செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் அப்படி இல்லை.

"எவ்வளவு நேரமாட்டி நிக்கே?"

அவள் டி.வி.க்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். கையில் இரண்டு ஒயரோடு எழுந்தாள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டுமே சொருகாமல் தொங்கிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை நான் மஞ்சளை மட்டும் சொருகியிருக்கிறேன்.

"அம்மா, மஞ்சள்ல படந்தான் வரும். இது ரெண்டுலயுந்தான் சத்தம். பாட்டே வரலியேம்மா. தட்டுல குச்சி விழுற டொக்கு டொக்குதான் கேட்டுது."

"சத்தத்தக் கொறச்சி வச்சிருந்தேன்."

"கொறச்சில்லம்மா. இல்லவே இல்ல."

ஒயரைச் சொருகிவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்து டி.வி.யை மூடினாள். "இப்ப அடிங்க பாப்போம். வில்லையப் பாக்காம, பாட்டக் கேட்டு."

அடித்தேன். துண்டை எடுத்தாள்.

14.

"கரண்ட் போகப்போகுது, மாவாட்டணும்" என்று அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, வெள்ளி

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன். உப்புமா.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

ஷைனி அப்பாவிடம் சொல்லிவிட்டாள். சொல்லாதே என்று சொல்லியும். ஆராதனை முடிந்து வரும் வழியில் அவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்தினார்கள்.

"ஒரு டாக்டரப் பாத்துருவோம்."

"எனக்கு என்ன? நீங்க பேசுதது எனக்குக் கேக்கத்தான செய்யுது?"

"ரெண்டு வருசமா நான் கத்தில்லா பேசுதேன். மில்லுக்காரன், கத்திப் பழகிட்டான்னு நீ நெனச்சிக்கிட்டே. நானும் அப்படியே விட்டுட்டேன்."

ரோட்டில் வைத்து இதையெல்லாம் பேச வேண்டுமா? பண்டிகை முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். பண்டிகைப் பாட்டை வீட்டில் எண்ணி எண்ணிப் பழகிக்கொண்டால் போதும். பல்லவிக்கு எட்டு, சரணத்துக்குப் பதினாறு. காது எதற்கு?

ஆகஸ்ட் 28, செவ்வாய்

பல்லவிக்கு எட்டு. சரணத்துக்குப் பதினாறு. இரண்டு சரணம் தப்பில்லாமல் போயிற்று. டீச்சர் முகத்தில்கூட ஒரு தெளிவு.

மூன்றாம் சரணத்தில் முதல் வரியை டீச்சர் உருக்கமாக நீட்டினார்கள் போல. எனக்குத் தெரியாது. நான் எண்ணிக்கொண்டே போனேன். அடித்துக்கொண்டே போனேன். எல்லாரும் அந்த வரியிலேயே நிற்க, நான் மட்டும் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பாட்டை நிறுத்தாமலே டீச்சர் நடந்துவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். மெதுவாகத்தான் பிடித்தார்கள். அப்படியே பிடித்துக்கொண்டு பாட்டை முடித்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டாவது வந்திருப்பேன்.

இரவு ஷைனி அப்பாவிடம், "சனிக்கிழமை லீவு போடுங்க" என்றேன்.

செப்டம்பர் 1, சனி

காது ஆஸ்பத்திரி. கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் பெரிய ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைத் தந்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும்.

இதுவும் ஒரு விளையாட்டுதானே என்று உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சோதனை செய்கிற பெண் ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்தும்போது தோள் கொஞ்சம் அசைந்தது. தோள் அசைந்தால் அமுக்கினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. மனசுக்குள் நூற்றுக்கு நூறு.

அந்தப் பெண் எழுந்து உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும்.

"அக்கா, சத்தமே குடுக்காம சும்மா தோளை ஆட்டிப் பாத்தேன். அதுக்கும் அமுக்குறீங்க."

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டாள்.

சுவரில் ஒன்றுமில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பட்டன் கையில் இருந்தது. எப்போதாவது தூரத்தில் ஒரு ரீங்காரம். மற்றபடி நானும் சுவரும். இவ்வளவு நேரமும் சத்தம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், என்னிடம்தான் வந்து சேரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கண்ணைத் துடைத்தால் வெளியே தெரியுமே என்று துடைக்கவில்லை.

இரண்டு காதும் குறைந்திருக்கிறது. மெல்லிய சத்தங்கள் முதலில் போகுமாம். காது மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு தெளியும், பாட்டைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அளவு எடுத்துக்கொண்டார்கள். வர மூன்று வாரம். பண்டிகைக்கு வராது.

ஷைனி அப்பா வெளியே டீ வாங்கித் தந்தார்கள். எதிரே நின்று, என் முகத்தைப் பார்த்து, கத்தாமல், "சீனி போதுமா?" என்றார்கள்.

புரிந்தது.

செப்டம்பர் 4, செவ்வாய்

பயிற்சிக்கு அரைமணி முன்னாலேயே போனேன். டாம்பரினைப் பையோடு டீச்சர் முன்னால் வைத்தேன். எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க ஜெபித்துக்கொண்டு போனது ஒன்று, வாயில் வந்தது ஒன்று.

"டீச்சர், நீங்க பாடுதது எனக்குக் கேக்கல. ரெண்டு வருசமா கேக்கல. கேக்க மாதிரி அடிச்சிட்டிருந்தேன். ஆண்டவர் சந்நிதியில வச்சி."

டீச்சர் பையைத் திறக்காமல் ஓரமாக நகர்த்தினார்கள். பிறகு என்னைப் பார்த்தபடி, "நான் உன்னய வாய் கூசாம சொல்லிட்டேனே, ஏளா. கை சோம்பல்னு நெனச்சேன்" என்றார்கள். அவர்கள் என்னை ஏளா என்று உரிமையோடு கூப்பிட்டது இதுவே முதல் தடவை.

பிறகு டீச்சராகிவிட்டார்கள். "பாட்டு கேக்காம வீட்டுல எப்படி அடிச்சே? தொண்ணூத்தொண்ணு வாங்குனியாமே? ஒம் மக சர்ச்சுல எல்லாத்துட்டயும் சொல்லிட்டா."

அந்தப் பிள்ளையை என்ன செய்ய.

"அதுல எறங்கி வாரது கண்ணுக்குத் தெரியும் டீச்சர்."

"அப்ப என் கையப் பாரு. வரிசையில நிக்காத. எனக்கு எதுத்தாப்புல வந்து நில்லு. ஜனத்துக்கு முதுகக் காட்டுனா ஒண்ணும் பாவமில்ல."

இடது கையை நெஞ்சுக்கு நேரே வைத்து, ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு தடவை இறக்கினார்கள். வெறும் கைதான், கலர் வில்லை இல்லை. முதல் தடவை தப்பு. நாலாவது தடவை டீச்சர் தலையை அசைத்தார்கள். ஆனாலும் வளையத்தை என்னிடமே விடுவதாகச் சொல்லவில்லை. "சனிக்கிழம பாப்போம்" என்றார்கள். டீச்சர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 5, புதன்

ட்ரம் ஒரு மணி நேரம். சத்தத்தை அடைத்தே வைத்து வாசித்தேன். ஷைனி டி.வி. பக்கத்தில் நின்று வில்லைக்குத் தக்கபடி கையை இறக்கி இறக்கிக் காட்ட, திரையைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்து. 58. நடுவில் சிரித்துத் தொலைத்தாள், இல்லாவிட்டால் 60 தாண்டியிருக்கும்.

செப்டம்பர் 8, சனி

டீச்சர் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

செப்டம்பர் 9, ஞாயிறு

வெள்ளைச் சேலை. பன்னிரண்டு பேர் என்பது இன்று பதினொன்றும் ஒன்றுமாக நின்றோம். நான் எல்லாருக்கும் எதிரே, சபைக்கு முதுகு காட்டி.

இரண்டு சரணம் டீச்சர் கை இறங்கினபோதெல்லாம் என் கையும் இறங்கியது. எதிரே பதினொரு வாய் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடுவதை இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. எப்போதும் வரிசைக்குள் நின்றவளுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் சரணத்தில் டீச்சர் தன்னை மறந்துவிட்டார்கள். கண்ணை மூடி, இரண்டு கையையும் மேலே ஏந்திவிட்டார்கள். எனக்குப் பிடிமானம் போயிற்று. எண்ணியே ஓட்டிவிடலாம் என்று கை துடித்தது. ஓட்டவில்லை. வளையத்தை நெஞ்சோடு வைத்துத் தகடு அசையாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சபை முழுக்க என் முதுகைப் பார்க்கிறது என்று மட்டும் தெரிந்தது.

டீச்சர் கண்ணைத் திறந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். கை நெஞ்சுக்கு இறங்கிவந்தது. நானும் சேர்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஷைனியிடம் கேட்டேன். "நான் நிறுத்துனது அசிங்கமா இருந்துச்சாட்டி?"

என் எதிரே வந்து நின்று சொன்னாள். "அந்த எடத்துல வெறும் கொரல் மட்டுந்தாம்மா. எல்லாரும் வேணும்னே அப்படி வச்சிருக்கீங்கன்னு நெனச்சிட்டாங்க."

சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறாளோ என்னவோ. நான் விசாரிக்கவில்லை.

செப்டம்பர் 10, திங்கள்

சொன்ன தவணைப்படி மகாராஜ நகர் போனேன். தனியாகத்தான் போனேன். பிளவுஸ் தைத்த பணத்தில் மூவாயிரத்து ஐந்நூறு பர்சில் இருந்தது. ட்ரம் வீட்டிலேயே இருந்தது.

குளோரி அம்மாள் கதவைத் திறந்து, திரும்பி உள்ளே நடந்துகொண்டே என்னமோ பேசினார்கள். நான் வாசலிலேயே நின்றேன்.

"அம்மா, கொஞ்சம் திரும்பி என் மொகத்தப் பாத்துப் பேசுங்க. எனக்குக் காது கேக்காது."

திரும்பினார்கள். சங்கடப்பட்டார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்கள். "எப்படி, பிரயோஜனமா இருந்துச்சா? எங்க அக்காவும் பேரனுக்கு ஒண்ணு வாங்கலாமான்னு கேக்கா."

உள்ளதைச் சொன்னேன். பிள்ளைகளுக்கென்றால் ஒன்பது நாள், பத்தாவது நாள் துணி காயப்போடத்தான் ஆகும். ட்ரம் படிக்க வேண்டுமென்றால் நிஜ ட்ரம் சொல்லித்தருகிறவரிடம் அனுப்புங்கள். இதில் படிப்பது இதற்கு மட்டும்தான். கரண்ட் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

சொல்லிவிட்டு, பணத்தை எண்ணி அவர்கள் கையில் வைத்தேன்.

அவர்கள் பணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இவ்வளவு குத்தம் சொல்லிட்டு வாங்குதீங்களே. ஒங்க மகதான் ஒம்பது நாளோட விட்டுட்டாளே. பெறகு யாருக்கு?"

"எனக்கு" என்றேன்.